உருட்டிக்கொண்டு போன தூரம்

போன வருடம் ஒக்டோபர் கடைசியில் வரும் துசான் பள்ளி விடுமுறையில் நானும் மகளும் பிரான்ஸின் மொர்வான் மலைக்காட்டுக்குள் மூன்று நாள் சைக்கிள் ஓடினோம். அவலோனில் ரயிலால் இறங்கி, காட்டுவழியே தெற்கே போய், பிறகு யோன் ஆற்றையும் நிவெர்னே கால்வாயையும் பிடித்துக்கொண்டு கிளம்சிக்கு வந்து திரும்பவும் ரயில் ஏறினோம். படங்கள் நிறைய இருக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லோரும் பீச் (beech) மரங்களின் நிறத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் எழுத நினைப்பது படத்தில் இல்லாத ஒன்றை. இரண்டாம் நாள் காலை, ஒரு நிமிடம்கூட முழுதாக நீடிக்காத ஒரு சம்பவம். மனைவியிடம் அதை ஒரு மாதிரிச் சொன்னேன், சைக்கிள் நண்பர்களிடம் வேறு மாதிரிச் சொன்னேன். இரண்டும் சரியாக வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

மகளுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டு வயதில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு செனார் காட்டில் ஓடுகிறாள். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அந்தக் காடு தட்டையானது. அளந்து வெட்டின மாதிரி நேரான வழிகள், சந்திக்குச் சந்தி பெயர்ப்பலகை. அங்கே பழகியவளுக்கு ஏற்றமும் இறக்கமும் கல்லும் வேரும் உள்ள ஒரு காட்டைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "லிசே (உயர்தரப் பள்ளி) முடிஞ்சால் எங்க போவனோ தெரியாது, இந்த முறையே போவம்" என்று அவளாகவே சொன்னாள். பரிஸின் பெர்சி ரயில் நிலையத்தில் ஏறினோம். சைக்கிளுக்குத் தனிக் காசு இல்லை. பெட்டி மூலையில் இரண்டையும் சாய்த்துக் கட்டிவிட்டு, மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு போனோம்.

மொர்வான் உயர்ந்த மலை இல்லை. அதன் உச்சியே 901 மீற்றர்தான். ஆனால் தட்டையான இடம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு ஓடை வரைக்கும் இறக்கம், ஓடையைத் தாண்டியதும் ஏற்றம், அடுத்த ஓடை, அடுத்த ஏற்றம். அவலோனில் இருந்து மத்தியதரைக் கடலோரம்வரை மலைச் சைக்கிளுக்கென்று கிட்டத்தட்ட 1,400 கிலோமீற்றர் பாதை ஒன்றை அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு முக்கோணம், அதன் கீழே இரண்டு வட்டம், அதுதான் குறி. நாங்கள் அதில் கொஞ்சத் தூரம் போய், பிறகு சின்ன வழிகளுக்குள் இறங்கிவிட்டோம். கருங்கல் நிலம். கல் உக்கி உதிர்ந்த பருமணல் வழியெல்லாம் கிடக்கிறது, பிறேக் பிடித்தால் சில்லு அதில் இழுபடும். ஒக்டோபர் கடைசியில் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பீச் இலை. இலைக்கு அடியில் இருப்பது வேரா, கல்லா, குழியா என்பது முன்சில்லு ஏறின பிறகுதான் தெரியும். ரயரில் காற்றை நன்றாக இறக்கிவிட்டோம். அப்படி இறக்கிய ரயர் கல்லைத் தட்டாமல் அணைத்துக்கொண்டு போகும். "கண்ணால பார்க்காத, கையால பார்" என்று மகளுக்குச் சொன்னேன். ஹாண்டிலில் கையை இறுக்காமல் வைத்திருந்தால் நிலம் என்ன சொல்கிறது என்று தோள்மூட்டுவரை வந்து சேரும். ஒரு மணித்தியாலத்தில் அவள் என்னைவிட நன்றாக அதைக் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

காடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. பீச்சும் ஓக்கும் நிற்கிற இடத்தில் வெளிச்சம் பொன்னாக இறங்கும். திடீரென்று வரிசை வரிசையாக நட்ட டக்ளஸ் ஊசியிலை மரங்களுக்குள் நுழைந்தால் மாலை ஆகிவிட்டது போல இருக்கும், கீழே புல்லும் இல்லை, பறவைச் சத்தமும் இல்லை. போருக்குப் பிறகு 1946இல் தொடங்கிய தேசிய வன நிதியின் காசில் இங்கே பழைய காட்டைத் தள்ளிவிட்டு நட்டவை நிறைய. இப்போது அவை வெட்டுக்கு வந்துவிட்டன. ஓரிடத்தில் ஒரு குன்று முழுவதையும் மொட்டையாக வழித்திருந்தார்கள். வரைபடத்தில் இருந்த வழி, இயந்திரத்தின் சில்லு முழங்கால் ஆழத்துக்கு உழுத சேற்றுக்குள் போய்விட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். இந்தக் காட்டுக்காக மனம் வருந்துகிறவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அகன்ற இலை மரங்களைக் காப்பதற்கென்றே 2003இல் ஒரு குழுவைத் தொடங்கி, காசு சேர்த்து, காட்டைத் துண்டு துண்டாக வாங்கி வருகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

முதல் நாள் பின்னேரம் தன்-லே-பிளாஸ் என்ற ஊரைக் கடந்தோம். 1944 ஜூன் கடைசியில் ஜேர்மன் படை இந்த ஊருக்குள் வந்து 27 ஆண்களைக் கொன்றது. மொர்வான் காடு அப்போது எதிர்ப்புப் போராளிகளின் காடு. தேவாலயத்துக்குப் பக்கத்தில் மகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பெயர்களை வாசித்தாள். "ஏன் இந்த ஊர்?" என்று கேட்டாள். காட்டுக்குள் இருந்தவர்களைப் பிடிக்க முடியாததால் ஊருக்குள் இருந்தவர்களைச் சுட்டார்கள் என்று சொன்னேன். அந்தக் கணக்கை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவளுக்கு விளங்கப்படுத்த நான் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. அன்று இரவு அதைப் பற்றி நாங்கள் மேலும் கதைக்கவில்லை.

ஞாயிறு காலை

தங்கிய வீட்டு அம்மா காலைச் சாப்பாட்டின்போது, "இன்று ஞாயிறு, வேட்டை இருக்கும், நிறமாக ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள்" என்றார். மகளின் மழைச்சட்டை மஞ்சள். என்னுடையது கடும் பச்சை. அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மூடுபனி. முதல் கால்மணி நேரம் எங்கள் சில்லின் சத்தமும் மரத்தில் இருந்து சொட்டும் தண்ணீரின் சத்தமும்தான். வழியோரம் பன்றி கிண்டிய இடங்கள் உழுத வயல் மாதிரிக் கிடந்தன. மண் இன்னும் ஈரம், இரவுதான் கிண்டியிருக்க வேண்டும். பிறகு தூரத்தில் நாய்கள் குரைக்கும் சத்தம், இடையில் ஒரு கொம்பு ஊதும் சத்தம். வழி ஓரத்தில் ஒரு முக்கோணப் பலகை: வேட்டை நடக்கிறது. வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெடிச்சத்தத்தில் பயந்தேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். உண்மை அதுவல்ல.

வளைவு ஒன்று திரும்பியதும் நாற்பது மீற்றர் தள்ளி ஒருவர் இருந்தார். மடிக்கிற சின்னக் கதிரை, செம்மஞ்சள் அங்கி, அதே நிறத் தொப்பி, முழங்காலுக்குக் குறுக்கே துவக்கு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காலடியில் தேத்தண்ணியோ கோப்பியோ வைத்திருக்கிற ஒரு சுடுதண்ணிப் போத்தல். மகள் எனக்குப் பத்து மீற்றர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "போன்ஜூர் மெசியூ" என்று சொல்லி, அவரைத் தாண்டிப் போனாள். அவரும் "போன்ஜூர்" என்றார்.

எனக்குத் தெரிய வந்தபோது நான் நிலத்தில் நின்றேன். வலது கால் எப்போது சீற்றுக்கு மேலால் வந்தது, எப்போது இறங்கினேன் என்று தெரியாது. சைக்கிளுக்கு இடது பக்கத்தில், இடது கை ஹாண்டிலில், உருட்டிக்கொண்டு நடக்கிறேன். பார்வை அவருடைய முகத்தில் இல்லை, காலிலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் இருந்தது. வலது கை நெஞ்சுக்குப் போய் அங்கே நின்றது. சட்டைப் பை இருக்க வேண்டிய இடம் அது. சைக்கிள் ஓடுகிற உடுப்பில் நெஞ்சில் பை கிடையாது. அதனால் கைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தேன்.

அவர் அதை வணக்கம் என்று எடுத்திருக்க வேண்டும். தன் தொப்பியைத் தொட்டார். பிறகு என் முகத்தில் எதையோ பார்த்திருக்கிறார். எழும்பி நின்று, துவக்கின் குழாயை நிலத்துப் பக்கம் திருப்பி, பூட்டைப் பின்னால் இழுத்தார். ரவை ஒன்று துள்ளி வெளியே வந்தது, அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். திறந்த இடத்தை எனக்குத் தெரியும்படி சரித்துக் காட்டினார். "இறங்கத் தேவையில்லை, ஐயா. ஏறிப் போங்கள். நாய்கள் அந்தப் பக்கம். இந்த வழியில் போக உங்களுக்கு உரிமை உண்டு." நன்றி சொன்னேன். ஆனால் ஏறவில்லை. அவருக்கு முன்னால் ஏறக் கால் வரவில்லை. அவருடைய கண்ணில் படாத அடுத்த வளைவுவரை உருட்டிக்கொண்டே போனேன்.

வளைவுக்கு அங்கால் மகள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். "என்னப்பா, காத்துப் போட்டுதா?"

"இல்லை."

"பேந்து ஏன் இறங்கினனீங்கள்?"

"வழி வழுக்கலா இருந்தது."

அவள் திரும்பி வழியைப் பார்த்தாள். அந்த இடம் பருமணல், நல்ல காய்ந்த நிலம். ஒன்றும் சொல்லாமல் ஏறி ஓடினாள்.

போக நாலு, வர நாலு

என் வயதுக்காரருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தலைமுறைக்குச் சைக்கிள் என்பது வெறும் வாகனம் இல்லை. பொருளாதாரத் தடை இருந்த 1990களின் தொடக்கத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். விறகு, அரிசி மூட்டை, நோயாளி, கரியலில் கர்ப்பிணி. மின்சாரம் இல்லாத இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். எனக்குப் பின்சில்லைச் சுற்றும் வேலை. செய்தி முடியுமட்டும் வேகம் குறையக் கூடாது. இந்தக் கதைகளை மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் பிடிக்கும். சொல்லாதது 1996க்குப் பிறகு வந்த கதை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் இருந்து நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றர், நாலு சென்றி, அதாவது ஆமியின் காவலரண். சென்றிக்கு முன்னால் இறங்க வேண்டும், உருட்டிக்கொண்டு போக வேண்டும், கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் ஏறலாம். எங்கே இறங்குவது எங்கே ஏறுவது என்று ஒருவரும் கோடு கீறி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒரு தென்னை, ஒரு மதில் மூலை, ஒரு உடைந்த கல்வெட்டு. அவசரப்பட்டு முன்னுக்கு ஏறியவனைத் திரும்பக் கூப்பிட்டால் அவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். நான் அடி வாங்கியதில்லை. பெரிதாக ஒன்றும் எனக்கு நடக்கவில்லை. மூன்று வருடம் போக நாலு, வர நாலு என்று இறங்கி ஏறினேன், அவ்வளவுதான். அதனாலேயே அதை ஒரு கதையாக நான் நினைத்ததில்லை. இறங்குவதும் ஏறுவதும் மூச்சு விடுவது மாதிரி நடந்த காரியம். மூச்சு விட்டதை யார் கதையாகச் சொல்வார்கள்?

1999இல் இங்கே வந்தேன். பரிஸில் பொலிசைக் கண்டு இறங்கியதில்லை. விமான நிலையத்தில் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரரைத் தாண்டி நூறு தரம் நடந்திருக்கிறேன், ஒன்றும் இல்லை. சைக்கிள், ஒடுங்கிய வழி, அதன் ஓரத்தில் துவக்கோடு ஒரு மனிதர். மூன்றும் ஒன்றாகச் சேர இருபத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது பயம் இல்லை. அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. உறுத்துவது வேறு. வேட்டை விஷயத்தில் எனக்கு முன்பிருந்தே உறுதியான கருத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை காட்டில் துவக்கு இருக்கக் கூடாது என்று எங்கள் சைக்கிள் கூட்டத்தில் சத்தமாகச் சொல்கிறவன் நான். 2018 ஒக்டோபரில் ஓத்-சவ்வாவின் மொன்ரியோனில் மலைச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரித்தானியர் வேட்டைக்காரரின் குண்டில் செத்தார். 2020 டிசெம்பரில் லொத் மாவட்டத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுப் பையன் செத்தான். அதற்குப் பிறகு செனற்றுக்குப் போன மனுவில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஞாயிறும் புதனும் வேட்டை வேண்டாம் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. 2023 ஜனவரியில் அரசு வேறு பல விதிகளை அறிவித்தது, ஞாயிற்றுக்கிழமையைத் தரவில்லை. இதையெல்லாம் நான் வாதமாக அடுக்குவேன். அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு வந்த சந்தேகம் இதுதான்: நான் இவ்வளவு நாளும் பேசியது சட்டமா, உரிமையா, அல்லது என் பத்தொன்பது வயதா?

எங்கள் கூட்டத்தில் நோர்மாண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், வேட்டைக்காரரின் மகன். அவர் சொல்வதில் ஞாயம் உண்டு. நாடு முழுவதும் வருடத்துக்கு எட்டு இலட்சத்துக்கு மேல் காட்டுப்பன்றி சுடுகிறார்கள், இருந்தும் அவை குறையவில்லை. ஒரே இரவில் சோளக் காட்டை அவை உழுது தள்ளிவிடும், அந்த நட்டத்தை விவசாயிக்குக் கட்டுவது வேட்டைக்காரர் சங்கங்கள்தான். விபத்தும் குறைந்திருக்கிறது. 1999-2000 பருவத்தில் 39 பேர் செத்தார்கள், 2021-22 பருவத்தில் 8 பேர். 2020இல் இருந்து இப்படிச் சேர்ந்து நாய்விட்டுத் துரத்தும் வேட்டைக்குச் செம்மஞ்சள் அங்கியும் வழியோரப் பலகையும் கட்டாயம். "அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வேட்டைக்காரர்" என்பார் அவர். "மற்ற இரண்டு பேர்?" என்பேன் நான். அங்கே எங்கள் கதை நின்றுவிடும்.

இந்த வருடம் முழுக்க இதை மனதில் உருட்டிப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். அந்த மனிதர் எனக்குச் செய்தது மரியாதை. கேட்காமலேயே ரவையை எடுத்துக் காட்டினார். என் வாழ்க்கையில் துவக்கு வைத்திருந்த ஒருவர் எனக்காக அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் "உங்களுக்கு உரிமை உண்டு" என்பதை அவர் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது. உரிமையைத் துவக்கு வைத்திருப்பவரின் நல்ல மனதில் இருந்து வாங்கிக்கொள்வது எனக்குப் போதவில்லை. அவர் நல்லவராக இருந்தார். சென்றியிலும் சில நாள் நல்லவன் நிற்பான், சிரித்துக்கொண்டு கையால் போ என்று காட்டுவான். நாங்கள் அன்றைக்கும் இறங்கித்தான் போனோம். என் பயத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வாதம் மிஞ்சுகிறது. வாரத்தில் ஒரு நாள், யாருடைய நல்ல மனதும் தேவைப்படாமல், ஒரு பிள்ளை வழியால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன். முன்பைவிடத் தெளிவாகச் சொல்கிறேன்.

நாலு அடி வழி

வழி யாருடையது என்ற கேள்வி இந்த நாட்டில் பழையது. பிரான்ஸின் காட்டில் நாலில் மூன்று பங்கு தனியாருடையது, மொர்வானில் அதைவிடக் கூட. காட்டுக்குள் ஓடும் பல வழிகள் ஊர்ச்சபையின் சொத்து, அவற்றில் யாரும் போகலாம். வேட்டை நடக்கிறது என்ற பலகை ஒரு எச்சரிக்கை, தடை இல்லை. ஆனால் 2023 பெப்ரவரிச் சட்டத்துக்குப் பிறகு, தனியார் காணி என்று அடையாளம் போட்ட காட்டுக்குள் கால் வைத்தால் 135 யூரோ தண்டம். ஆற்றங்கரையில் இன்னொரு கணக்கு. அரச ஆறுகளின் ஓரமாக 3.25 மீற்றர் அகலத்துக்குக் காணிக்காரர் இடம் விட வேண்டும். அந்த இடம் நடப்பவருக்கும் மீன்பிடிப்பவருக்கும் உரியது, சைக்கிளுக்கு இல்லை. அதனால் சில இடங்களில் ஆற்றங்கரையில் இறங்கி உருட்டுவதுதான் சட்டம். இதை நான் இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அறிந்ததும் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் பன்சியேர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, அங்கிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்ன வாய்க்காலின் கரையைப் பிடித்தோம். ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளம். குன்றின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, கண்ணுக்கே தெரியாத சரிவில் அந்தத் தண்ணீர் போகிறது. ஒன்றரை நாள் ஏறி இறங்கிய காலுக்கு அது மருந்து. மொந்ரோயோனில் அந்த வாய்க்கால் யோன் ஆற்றுக்கு 33 மீற்றர் உயரத்தில், வளைவு வளைவாகக் கட்டிய ஒரு கல்பாலத்தின் மேலால் கடக்கிறது. கீழே ஆறு, மேலே வாய்க்கால். மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தண்ணீர் எல்லாம் விறகுக்காகத் தொடங்கியது. பரிஸ் நகரம் மூன்று நூற்றாண்டுக்கு மேல் குளிர் காய்ந்தது பெரும்பாலும் மொர்வான் விறகில். வெட்டிய கட்டைகளின் நுனியில் வியாபாரியின் குறியைச் சுத்தியலால் அடித்து, ஓடைக் கரையில் அடுக்கி வைப்பார்கள். குளங்களைத் திறந்து வெள்ளம் விடும் நாளில் கட்டைகளை அப்படியே தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். கிளம்சியில் தண்ணீருக்குள் நின்று கொக்கியால் இழுத்து, குறி பார்த்துப் பிரித்து, எழுபது மீற்றருக்கு மேல் நீளமான தெப்பங்களாகக் கட்டி, யோனில் இறக்கி, செயின் ஆற்று வழியே பரிஸ்வரை கொண்டுபோவார்கள். தெப்பக்காரர் அங்கே விறகை விட்டுவிட்டு ஊருக்கு நடந்தே திரும்புவார்கள். கடைசித் தெப்பம் 1877இல் போனது, கட்டை மிதப்பது 1923இல் நின்றது. நாங்கள் முதல் நாள் சுற்றி ஓடிய செத்தோன் ஏரியும் 1850களில் இந்த மிதப்புக்காகக் கட்டிய அணைதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஓடையில் கட்டை மிதந்து போகும்போது அங்கங்கே சிக்கும். அதைத் தள்ளிவிட ஆட்கள் கரையோடு நடக்க வேண்டும். கரை ஒவ்வொருவர் காணி. 1672 டிசெம்பரில் பதினான்காம் லூயியின் ஆட்சியில் வந்த கட்டளை ஒன்று, ஓடையின் இரு பக்கத்துக் காணிக்காரரும் அந்த வேலையாட்கள் போக நாலு அடி வழி விட வேண்டும் என்று எழுதியது. அரசன் அதைக் கூலிக்காரன்மீது இரங்கி எழுதவில்லை, பரிஸுக்கு விறகு வேண்டும் என்று எழுதினான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் கொக்கித்தடியோடு போன ஒரு ஏழைக்கு, பிரபுவின் காணிக்குள்ளால் போக, யாரையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றத் தேவையில்லாத நாலு அடி இருந்தது. அந்த நாலு அடியை நினைத்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது.

மூன்றாம் நாள் சார்தியில் அடுக்கடுக்காக இறங்கும் பதினாறு மதகுகளைத் தாண்டி, கால்வாய்க் கரையோடு கிளம்சிப் பக்கம் ஓடினோம். முன்பு குதிரையும் மனிதரும் கயிறு கட்டிப் படகு இழுத்த கரை, இப்போது சைக்கிள் வழி. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கொஞ்சத் தூரத்தில் யோன், நடுவில் வெள்ளை மாடுகள் நிற்கும் புல்வெளி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகள் விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரம் எனக்குப் பக்கத்தில் சமனாக ஓடினாள்.

"அப்பா, நேற்று வழி வழுக்கேல்லை. எனக்குத் தெரியும்."

சொன்னேன். ஓடிக்கொண்டே, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் முடிந்திருக்காது. அவள் பாவம் என்றோ ஐயோ என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விகள் வேறு.

"எவ்வளவு தூரம் உருட்டோணும்?"

"இடத்துக்கு இடம் வித்தியாசம். ஐம்பது மீற்றர், நூறு மீற்றர். பெரிய காம்ப் எண்டால் இன்னும் கூட."

"எந்தப் பக்கத்தால உருட்டுவீங்கள்?"

"இடப் பக்கத்தால."

"ஒவ்வொரு நாளுமா?"

"போக நாலு, வர நாலு."

அவள் பிறேக் பிடித்தாள். இறங்கி, இடது பக்கம் நின்று, உருட்டத் தொடங்கினாள். நானும் இறங்கினேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பின்சில்லுகள் டிக் டிக் என்று தட்டும் சத்தம் மட்டும். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து எழும்பினார். "காற்றுப் போய்விட்டதா? காரில் பம்ப் இருக்கிறது, எடுத்து வரவா?"

"இல்லை மெசியூ, நன்றி. எல்லாம் சரி" என்றாள் மகள். ஏறவில்லை.

மதகுகாரர் வீட்டுச் சுவர் மூலை வந்ததும் நின்றாள். "இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன். பாலம்வரை உருட்டினோம்.